பெயர் பொறியாத இசைஞர்: ஸ்காடலைட்ஸ் குழுவும் சுவைஞர் நினைவும்

ஒரு நூலின் ஆசிரியர் இன்னார் என்று துணிதற்கு நாம் பாயிரத்தையும், ஏட்டின் இறுதிக் குறிப்பையும், உரையாசிரியர் கூற்றையும் நாடுகின்றோம். இவை கிடையாதவிடத்து நூலின் நடை ஒன்றே சான்றாக எஞ்சும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அச்சும் ஒலிப்பதிவும் எங்கும் பரவிவிட்ட காலத்தில், ஒரு நகரத்தின் தலைசிறந்த இசைக்குழுவின் ஆக்கங்கள் இதே நிலையை எய்தின என்றால் அது வியப்பாகத் தோன்றலாம். ஜமைக்கத் தீவின் தலைநகராகிய கிங்ஸ்டனில் 1964ஆம் ஆண்டின் இடையில் தோன்றி, 1965ஆம் ஆண்டு ஆகஸ்டில் கலைந்த 'ஸ்காடலைட்ஸ்' என்னும் ஆடலிசைக் குழுவே ஈண்டுக் கருதப்படுவது. அது வாழ்ந்தது ஏறத்தாழ 14 திங்கள். அக்காலத்துள் அக்குழுவினர் வாசித்த இசைத்தட்டுகள் மிகப் பல. அவருடைய பெயர் தாங்கி வெளிவந்தவை அவற்றுட் சிலவே. அரசு அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாசித்தவர்க்கு விற்பனையிற் பங்கு இல்லை. அக்குழுவின் பெயரை நிறுத்தியவர் அதனைக் கேட்டு ஆடியவரும், பின்னர்த் தட்டுகளைத் தேடித் திரட்டியவருமே ஆவர். அச்சுவைஞரின் நினைவு எதனை மீட்டது, எதனை மறைத்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் 'ஸ்கா' என்னும் இசைவகை யாது எனக் காண்பாம். ஜமைக்க மக்களின் நாட்டுப்புற இசை 'மென்டோ' எனப்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கத் தென்பகுதி வானொலிகள் வழியாகவும், தொழில் தேடிச் சென்று மீண்டவர் கொணர்ந்த தட்டுகள் வழியாகவும், அந்நாட்டுக் கறுப்பின மக்களின் 'ரிதம் அண்டு புளூஸ்' இசை கிங்ஸ்டனின் எளிய குடியிருப்புகளிற் பரவிற்று. லூயி ஜார்டன், ஃபேட்ஸ் டாமினோ ஆகியோர் பாட்டுகள் அங்கே பெரிதும் விரும்பப்பட்டன. தட்டு வாங்கும் வசதியில்லாத மக்களுக்காகப் பேரளவான ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளிகளில் நிறுத்தி, நுழைவுக் கட்டணம் பெற்று, விடியுமளவும் ஆடவைக்கும் ஒரு தொழில் தோன்றியது. இதனை அவர்கள் 'சவுண்டு சிஸ்டம்' என்றனர். டாம் தி கிரேட் செபாஸ்டியன், டியூக் ரீட், காக்சோன் டாட், பிரின்ஸ் பஸ்டர் என்போர் இத்தொழிலில் அடுத்தடுத்துப் பெயர் பெற்றவர். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சுவை வேறு திசையிற் செல்லவே, கிங்ஸ்டன் மக்கள் விரும்பிய பழம்பாங்கான தட்டுகள் அருகின. எனவே இவ்வொலிபெருக்கி உடைமையாளர் உள்ளூர் இசைஞரைக் கூட்டித் தாமே தட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினர். அவ்வாறு பிறந்ததே ஸ்கா.

அதன் தாள அமைதி எளியது. ஆயினும் தெளிவாக அறிதற்குரியது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில், எண்ணிக்கை விழும் இடத்தில் ஒலியாது, அதற்கடுத்த அரையிடத்தில் கிட்டாரும் பியானோவும் வெட்டி ஒலிக்கும். அரையிடத்து எடுப்பு நம் இசைவாணர்க்குப் புதியதன்று. ஆனால் ஒரு பாட்டு முழுவதையும் ஓர் இடமும் விடாது அரையிடத்திலேயே நடத்திச் செல்வது ஸ்காவின் தனித்தன்மை. இதற்கு அடியில் பாஸ் நரம்புக் கருவி நடைபோட்டுக்கொண்டிருக்கும். முழவுகள் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் அழுத்தம் பெறும். இவ்வழுத்தத்தை நிலைபெறச் செய்தவருள் லாயிட் நிப் என்னும் முழவுக் கலைஞர் முதன்மையானவர் என்பர். அடிமைக் காலத்திலிருந்து வழங்கிவரும் 'புர்ரு' முழவு மரபை அவர் மேனாட்டு முழவுத் தொகுதியில் ஏற்றி வாசித்தார். மேலே ஊதுகருவிகள் ஒன்றாய்க் கூடி மெட்டை எடுத்துரைக்க, பின்னர் ஒவ்வொருவரும் தனித்து விரித்து வாசிப்பர். இப்பகுதி ஜாஸ் இசையின் கொடை.

ஊதுகருவியாளர் எங்கிருந்து வந்தனர் என்னும் வினாவுக்கு விடை ஒரு பள்ளியில் உள்ளது. கிங்ஸ்டனில் ஆல்ஃபா ஆடவர் பள்ளி என ஒன்றுண்டு. 1880ஆம் ஆண்டு ஜெஸ்ஸி ரிப்போல் என்னும் பெண்மணி ஆதரவற்ற குழந்தைகளுக்கெனத் தொடங்கிய இல்லத்திலிருந்து வளர்ந்தது அது; 'கருணைச் சகோதரியர்' என்னும் கத்தோலிக்கத் துறவியரால் நடத்தப்பெற்றது. தச்சு, தையல், அச்சுத் தொழில் ஆகியவற்றோடு அணிவகுப்பு இசைக்குழுப் பயிற்சியும் அங்கே கைத்தொழிலாகவே கற்பிக்கப்பட்டது. படைப்பிரிவின் இசைக்குழுவிலோ உணவு விடுதிகளின் ஆடலரங்கிலோ பையன்கள் வேலை பெறவேண்டும் என்பதே குறிக்கோள். ஸ்காடலைட்ஸ் குழுவின் தோற்றத்தில் பங்குகொண்ட டான் டிரம்மண்டு, டாமி மெக்கூக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் இப்பள்ளியின் மாணவர். பிறர் கைவிட்ட பிள்ளைகளே ஒரு நாட்டின் இசைக்கு எலும்பும் நரம்பும் ஆயினர் என்பது மிகையன்று. இப்பள்ளியில் 1939 முதற் பணியாற்றிய சகோதரி மேரி இக்னேஷியஸ் டேவிஸ் என்னும் துறவியைச் சுவைஞர் வரிசையில் முதலில் வைத்தல் தகும். தம் மாணவர் வாசித்த தட்டுகளைத் தாமே விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தவர் அவர். பள்ளியிற் சிறுவர்க்கு அவற்றை ஒலிபெருக்கியிற் போட்டுக் காட்டியவர். வாசித்தவர் பெயர் தட்டிலே இல்லாத காலத்தில், 'இது நம் பையன் ஊதுவது' என்று ஒலியாலேயே அறியக்கூடிய ஒருவர் அந்நகரில் இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 2003ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

குழுவின் பெயர் வந்த வரலாறு சுவையானது. விண்வெளிச் செய்திகள் பெருகியிருந்த காலம் அது. 'சாடலைட்ஸ்' அஃதாவது செயற்கைக் கோள்கள் என்று குழுவுக்குப் பெயர் சூட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது, டாமி மெக்கூக் அச்சொல்லில் 'ஸ்கா'வைப் பொருத்தினார் என்பர். குழுவின் தலைமையும் டெனர் சாக்சபோனும் மெக்கூக்கினுடையவை. மற்றொரு டெனர் சாக்சபோனுக்கு ரோலண்டு அல்ஃபான்சோ. இவ்விருவரும் கியூபாவின் ஹவானா நகரிற் பிறந்தவர் என்பது ஓர் ஒற்றுமை. ஆல்ட்டோ சாக்சபோனுக்கு ஸ்டெர்லிங், டிரம்பெட்டுக்கு மூர், டிராம்போனுக்கு டிரம்மண்டு, பாஸுக்கு லாயிட் பிரெவெட், முழவுக்கு நிப், கிட்டாருக்கு ஜெர்ரி ஹெய்ன்ஸ், பியானோவுக்குப் பதினாறு வயதே நிரம்பிய ஜாக்கி மிட்டூ. கிங்ஸ்டனின் கிழக்குப் பகுதியில் ரே டவுன் என்னுமிடத்து ஹை-ஹாட் விடுதியிலும், போர்ன்மத் கடற்கரை அரங்கிலும் அவர்கள் வாசித்தனர். சிறிது காலம் குழுவின் மேலாளராக இருந்தவர் பி. ஜே. பேட்டர்சன் என்னும் இளைஞர். 1992 முதல் 2006 வரை அந்நாட்டுத் தலைமையமைச்சராக விளங்கியவர் அவரே.

இனி, பெயர் மறைந்த காரணத்தை நோக்குவாம். ஒலிபெருக்கித் தொழிலில் போட்டி கடுமையானது. பிறரிடம் இல்லாத தட்டு ஒன்று தம்மிடம் இருத்தல் வேண்டும் என்பதே ஒவ்வொருவர் வேட்கையும். ஆதலின் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த தட்டின் நடுவில் ஒட்டியுள்ள சீட்டைச் சுரண்டி, பாடியவர் இன்னார், பாட்டு இன்னது என எவரும் அறியாதபடி செய்வது வழக்கமாயிற்று. வில்லிஸ் ஜாக்சன் என்னும் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் வாசித்த ஒரு தட்டினை, காக்சோன் டாட் சீட்டைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரையே பாட்டுக்குச் சூட்டிப் பல்லாண்டு தம் அரங்கின் அடையாளப் பாட்டாக ஒலிபரப்பிவந்தார். அதன் உண்மைப் பெயரை டியூக் ரீட் அறிந்துகொண்டு தம் அரங்கில் ஒலிக்கச் செய்த நாள் கிங்ஸ்டன் மக்களிடையே கதையாக வழங்குகிறது. சீட்டைச் சுரண்டிய கையே பின்னர்ச் சீட்டை அச்சிட்டது. உள்ளூர்ப் பதிவுகள் தொடங்கியபோதும் இம்மனப்பான்மை மாறவில்லை. முன்னோட்டமாக வார்க்கப்பட்ட தட்டுகள் வெற்றுச் சீட்டோடு வந்தன. சிலவற்றில் கையெழுத்திலோ இரப்பர் முத்திரையிலோ ஒரு சொல் மட்டும் இருக்கும். அச்சிட்ட சீட்டுகளில் பாடகர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கும். பின்னின்று வாசித்த பதின்மர் பெயர் இராது. பாடலில்லாத தட்டாயின், அப்போது தனித்து வாசித்த ஒருவர் பெயர் குழு முழுமைக்கும் நின்றது. ஒரே குழு ஒரே திங்களில் வாசித்தது, ஒரு தட்டில் 'டான் டிரம்மண்டு' எனவும், இன்னொன்றில் 'ரோலண்டு அல்ஃபான்சோ' எனவும், மற்றொன்றில் 'பாபா புரூக்ஸ் குழு' எனவும் வழங்கப்பெற்றது. இசைஞர்க்கு ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி தரப்பட்டது. அதனோடு கணக்கு முடிந்தது. பெயரே இல்லாதவர் பின்னாளிற் பங்கு கேட்பது எங்ஙனம்? பெயரின்மை புகழிழப்பு மட்டும் அன்று, பொருளிழப்புமாம் என்பது இதனாற் போதரும்.

குறுந்தொகையில் செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் எனப் பாட்டின் தொடரே புலவர்க்குப் பெயராக அமைந்தமையை நாம் அறிவோம். அங்கே தொகுத்தோர் பெயர் தெரியாத இடத்தும் ஒரு பெயரைத் தேடி வைத்தனர். கிங்ஸ்டனில் தொகுத்தோர் பெயர் தெரிந்த இடத்தும் அதனை வைத்திலர்.

விதிவிலக்கான நிகழ்ச்சி ஒன்று கூறத்தக்கது. ஜஸ்டின் யாப் என்னும் சீன மரபினரான இளம் வெளியீட்டாளர் 1964 நவம்பரில், காக்சோன் டாடின் பதிவுக்கூடத்தை அமர்த்தி, இரவு முழுவதும் இக்குழுவை வாசிக்கச் செய்தார். வழக்கமான கூலியைப்போல் இருமடங்கு தந்தார் என்பது பலரும் கூறுவது. டிரம்மண்டின் ஆக்கங்கள் பல அவ்விரவிற் பிறந்தன. 'ரிங்கோ' என்னும் தட்டும் யாப் வெளியீடே. அதன் மெட்டு ஹிபாரி மிசோரா என்னும் ஜப்பானியப் பாடகி 1952இற் பாடிய பாட்டினது. அமெரிக்கத் திரைப்பட மெட்டு, கியூப நடை, கீழ்த்திசை மெட்டு என எதனை எடுப்பினும் இவர்கள் அதனை அரையிடத்தில் நிறுத்தித் தம்முடையதாக்கிவிடுவர். கூலி உயர்ந்தபோது வாசிப்பும் விரிந்து நீண்டது என்று கருத இடமுண்டு. அத்தட்டுகளில் தனிவாசிப்புக்கு ஒவ்வொருவரும் கொண்ட இடம் பிறவற்றினும் தாராளமானது. மற்றுப் பாடகர் பலருக்கும் பின்னின்று வாசித்தவர் இவர்களே. இளைஞராயிருந்த பாப் மார்லியும் அவர் தோழரும் 'வெய்லர்ஸ்' என்னும் பெயரிற் பாடிய முதற் புகழ்ப்பாட்டாகிய 'சிம்மர் டவுன்' பின்னணியில் ஒலிப்பது, விரைவில் ஸ்காடலைட்ஸ் எனப் பெயர் பெறவிருந்த இசைஞர் வாசிப்பே. உலகம் மார்லியை அறிந்தது. அவர் பின்னால் ஊதியவரை அறியவில்லை.

1962 ஆகஸ்டு 6ஆம் நாள் ஜமைக்கா விடுதலை பெற்றது. புதிய நாட்டுக்குத் தனக்கென ஓர் இசை வேண்டியிருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஸ்காவை அறிமுகப்படுத்த அரசின் ஆதரவில் ஒரு கலைக்குழு சென்றது. ஜிம்மி கிளிஃப், பிரின்ஸ் பஸ்டர், மில்லி ஸ்மால் ஆகியோர் பாடினர். அவர்க்குப் பின்னணி வாசிக்கச் சென்றது பைரன் லீயின் டிராகனேர்ஸ் குழு. அது மேட்டுப் பகுதி விடுதிகளில் வாசித்துப் பழகிய, நல்லொழுங்கு வாய்ந்த குழு. ஸ்காவை அன்றாடம் ஆக்கிக்கொண்டிருந்தவர் அனுப்பப்படவில்லை. கஞ்சா வழக்கமும், ராஸ்தஃபாரி சமயத்தாரோடு கொண்ட உறவும், எளிய குடியிருப்புகளின் சாயலும் உடையவரை நாட்டின் முகமாகக் காட்ட ஆட்சியினர் தயங்கினர் என்பதே பொதுவாகக் கூறப்படும் காரணம். வாரைக்கா மலையடியில் கவுண்ட் ஆஸ்ஸியின் முழவுக் கூட்டத்தில் டிரம்மண்டும் மெக்கூக்கும் மூரும் சென்று வாசித்தது உண்மையே. அவர்கள் இசையின் ஆழத்திற்கு அதுவும் ஒரு காரணம். பைரன் லீயைக் குறை கூறுவது எம் கருத்தன்று. ஸ்காவை மேட்டுக்குடியினர் காதுக்குக் கொண்டு சேர்த்ததில் அவர்க்குப் பங்குண்டு. எனினும், ஒரு கலையைப் படைப்பவர் ஒருவரும் அதனைக் காட்டுபவர் வேறொருவருமாக அமையும்போது, ஆவணங்களில் எஞ்சுவது காட்டியவர் பெயரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அதே ஆண்டில் மில்லி ஸ்மால் பாடி இங்கிலாந்தில் இரண்டாம் இடம்பெற்ற 'மை பாய் லாலிபாப்' என்னும் தட்டும் லண்டனிற் பதிவானதே. அதன் இசையமைப்பை ஏர்னஸ்ட் ராங்ளின் என்னும் ஜமைக்கக் கலைஞர் ஒழுங்கு செய்தார்; ஆயினும் உலகம் ஸ்கா என்று முதலிற் கேட்டது கிங்ஸ்டனில் வாசிக்கப்படாத ஒன்றையே.

1965ஆம் ஆண்டு பிறந்த முதல் நாட்களில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. டிரம்மண்டோடு வாழ்ந்த மார்கரிட்டா எனப்படும் அனிட்டா மஹ்ஃபூத் கத்தியாற் குத்துண்டு இறந்தார், டிரம்மண்டு கைதானார். பல்லாண்டாக மனநோயால் இடையிடையே மருத்துவமனை சென்று மீண்டவர் அவர். மனநிலை பிறழ்ந்தவர் என்று வழக்கில் முடிவாகி, பெல்வியூ மனநல மருத்துவமனையில் அடைக்கப்பெற்று, 1969 மே 6ஆம் நாள் அங்கேயே இறந்தார். சுவைஞர் நினைவு தடம் புரளும் இடம் இது. டிரம்மண்டின் சோகச் சுவை ததும்பும் வாசிப்பையும் அவர் முடிவையும் இணைத்து, மேதையின் வீழ்ச்சி என்னும் காவியமாக இதனைச் சொல்லிச் சொல்லி, இறந்தவர் ஒரு பெண் என்பதையே பலர் மறந்துவிட்டனர். மார்கரிட்டா அந்நகரில் பெயர்பெற்ற ரும்பா நடனக் கலைஞர். ராஸ்தஃபாரி முழவு வாசிப்பாரைத் தம்மோடு பொது மேடையேற்ற வற்புறுத்தியவர். தாமே இயற்றிய பாட்டொன்றினை டியூக் ரீடுக்காகப் பாடிப் பதிவு செய்தவர். ஆடலிசைக்குழுவின் வரலாற்றில் ஆடியவர்க்கு இடமில்லாமற் போனது முறையன்று. டிரம்மண்டின் வரலாற்றை 2013இல் நூலாக எழுதிய ஹெதர் அகஸ்டின் இப்பெண்ணின் வாழ்வுக்கும் அந்நூலில் உரிய இடம் தந்தமை பாராட்டத்தக்கது.

டிராம்போன் இழந்தும் குழு சில திங்கள் நடந்தது. ஆகஸ்டில் அது கலைந்தது. கூலித் தகராறும், தலைமை பற்றிய மனவேறுபாடும், இரு பெரும் வெளியீட்டாளர் இருபுறமும் இழுத்தமையும் காரணமாகச் சொல்லப்படும். மெக்கூக் டியூக் ரீடிடம் சென்று 'சூப்பர்சானிக்ஸ்' குழுவை அமைத்தார். அல்ஃபான்சோவும் மிட்டூவும் காக்சோன் டாடிடம் நின்று 'சோல் பிரதர்ஸ்' ஆயினர். 1966இன் இறுதிக்குள் ஸ்காவின் விரைவு தணிந்து 'ராக்ஸ்டெடி' என்னும் நிதான நடை வந்துவிட்டது. ஊதுகருவிகள் பின்னொதுங்கின. கிங்ஸ்டன் இளைஞர்க்கு ஸ்கா மூத்தோர் இசையாயிற்று.

அதன் மறுவாழ்வு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1948 முதல் மேற்கிந்தியத் தீவினர் அங்கே குடியேறிவந்தனர். அவர்க்காக 1960இல் 'புளூ பீட்' என்னும் முத்திரையிலும், பின்னர்க் கிறிஸ் பிளாக்வெல்லின் 'ஐலண்டு' முத்திரையிலும் கிங்ஸ்டன் தட்டுகள் மறுவெளியீடு கண்டன. முடிதிருத்தும் கடை, காய்கறிக் கடை, வீட்டு நிலவறையில் நடக்கும் ஞாயிறு ஆடல் ஆகியவற்றில் அவை ஒலித்தன. அயலகத்து ஆங்கிலத் தொழிலாளர் பிள்ளைகளும் கேட்டனர். 1961ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றிற்கு டிமித்ரி டியோம்கின் அமைத்த மெட்டை இக்குழு வாசித்த 'கன்ஸ் ஆஃப் நவரோன்' என்னும் தட்டு 1967இல் ஆங்கில விற்பனை வரிசையில் 36ஆம் இடம் பெற்றது. வானொலி கேட்டு மகிழ்ந்தோர்க்கு, வாசித்த குழு கலைந்து ஏறத்தாழ ஈராண்டு ஆயிற்று என்பது தெரிந்திருக்க இயலாது. 1979இல் கவன்ட்ரி நகரில் ஜெர்ரி டாமர்ஸ் 'டூ டோன்' நிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த 'ஸ்பெஷல்ஸ்' குழு அதே 'நவரோன்' மெட்டினை மேடையில் வாசித்துப் பதிந்த தட்டு 1980 சனவரியில் முதலிடம் அடைந்தது. அக்குழுவில் டிராம்போன் ஊதியவர் ரிகோ ராட்ரிகஸ். ஆல்ஃபா பள்ளியில் டிரம்மண்டிடம் பயின்று, ஸ்காடலைட்ஸ் தோன்றுமுன்னரே 1961இல் இங்கிலாந்து சென்றவர் அவர். ஆசிரியர் பெயர் அறியாத மக்களிடம் மாணவர் வழியாக ஆசிரியரின் வாசிப்பு சென்று சேர்ந்தது.

டூ டோன் தட்டுகளைக் கேட்ட இளைஞர் சிலர் 'இதன் மூலம் எது?' என்று பின்னோக்கித் தேடினர். இங்கேதான் சுவைஞர் ஆராய்ச்சியாளர் ஆகின்றனர். அவர் கையாண்ட முறை நம் ஏட்டாராய்ச்சியாளர் முறையோடு பெரிதும் ஒத்தது. சீட்டில் உள்ள பெயரை அவர்கள் நம்புவதில்லை. தட்டில் ஒலிவரை முடியும் இடத்திற்கும் சீட்டிற்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. அதில் வார்ப்பாலையினர் ஊசியாற் கீறிய எழுத்தும் எண்ணும் இருக்கும். சீட்டு பொய் சொல்லினும் இக்கீறல் பெரும்பாலும் மெய் சொல்லும். அவ்வெண்களை வரிசைப்படுத்திப் பதிவின் முன்பின் முறையை ஒருவாறு துணிந்தனர். லண்டன் மறுவெளியீடுகளில் முன்பக்கப் பெயர் பின்பக்கத்திற்கு ஏறியமையும், ஒருவர் வாசித்தது மற்றொருவர் பெயரில் வந்தமையும், ஒரே பாட்டு இரு பெயரில் வந்தமையும் இவ்வாறு வெளிப்பட்டன. கீறல் உதவாதவிடத்துச் செவியே சான்று. அல்ஃபான்சோவின் ஊதல் மென்மையும் வெதுவெதுப்பும் உடையது; மெக்கூக்கின் வாசிப்பில் ஜாஸ் கல்வியின் கோணங்கள் தோன்றும்; டிரம்மண்டு சில சுரங்களையே கொண்டு, நீண்ட இடைவெளிவிட்டு, சோகப் பண்ணில் நிற்பார். நிப்பின் முழவு ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குச் செல்லுங்கால் உருட்டி விழும் முறை வேறெவர்க்கும் இல்லை. நடை கொண்டு ஆசிரியரைத் துணிதல் இடர் மிக்கது என்பதை நாம் நன்கு அறிவோம். எனினும் ஒருவர் மூச்சு அவர் கருவியில் விடும் சுவடு சொற்பொறுக்கினும் உறுதியானது எனத் தோன்றுகிறது. இவ்வாறு தட்டு திரட்டியவருள் சிலர் வரலாற்றாசிரியரும் ஆயினர். 1993இல் 'டஃபர் தன் டஃப்' என்னும் பெருந்தொகுப்பைத் தேர்ந்து அமைத்த ஸ்டீவ் பாரோ அவருள் ஒருவர்.

இம்முயற்சியின் மறுபக்கத்தையும் கூறாவிடின் ஆராய்ச்சி நிறைவுறாது. ஔவையார் என்னும் ஒரு பெயரின்கீழ் வெவ்வேறு காலத்துப் பாடல்கள் வந்து திரண்டதைப்போல, ஸ்காடலைட்ஸ் என்னும் பெயரின்கீழும் பிறருடையவை வந்து சேர்ந்துவிட்டன. பெயர் விற்பனைக்கு உதவும் என்று கண்ட மறுவெளியீட்டாளர், 1962 முதல் 1967 வரை கிங்ஸ்டனிற் பதிவான ஊதுகருவித் தட்டு எதனையும் இக்குழுவினது என்றே அச்சிட்டனர். சுவைஞரும் அதனை விரும்பி ஏற்றனர். 1964ஆம் ஆண்டின் இடைப்பகுதிக்கு முன்னர் அப்பெயரில் குழுவே இல்லை. 1965 ஆகஸ்டுக்குப் பின்னரும் இல்லை. ஆயினும் இருபுறமும் தொகை வளர்ந்துகொண்டே சென்றது. இதனால் நலிந்தவர் உளர். பாபா புரூக்ஸ் டியூக் ரீடுக்காக வாசித்த டிரம்பெட் தனித் தன்மையுடையது. நிப்புக்கு முன்னரே ஸ்காத் தாளத்தை வகுத்தவருள் டிரம்பாகோ எனப்பட்ட முழவுக் கலைஞரும் ஒருவர். ரேமண்டு ஹார்ப்பர் என்னும் டிரம்பெட் கலைஞர் பல தட்டுகளில் ஊதியுள்ளார். இவர்களுள் எவரும் ஸ்காடலைட்ஸ் குழுவின் நிலையான உறுப்பினர் அல்லர். பெயர் மறைக்கப்பட்ட குழுவுக்குப் பெயர் மீட்டுக் கொடுத்த அதே அன்பு, இம்மூவர் பெயரையும் அப்பெருமைக்குள் கரைத்துவிட்டது. முன்னர்ச் சீட்டைச் சுரண்டியவர் வாணிகர். பின்னர்ச் சுரண்டியது புகழ் என்க. இவ்விரண்டாவது சுரண்டல் அன்பினால் நிகழ்ந்தது என்பதனாற் குறைந்த கேடு ஆகிவிடாது.

1983இல் ஜமைக்காவின் 'ரெகே சன்ஸ்பிளாஷ்' விழாவில் குழு மீண்டும் கூடி மேடையேறியது. பின்னர் அமெரிக்காவில் நிலைபெற்று உலகைச் சுற்றி வாசித்தது. 1990களில் இருமுறை கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது. ஜப்பானில் 1980களில் தோன்றிய டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா போன்ற குழுக்கள் இவர் மரபைப் பின்பற்றின. இளைஞர் நிறைந்த அரங்குகளில் அறுபது வயது கடந்த முதியோர் நின்று வாசித்ததைக் கண்டவர் பலர். பழந்தட்டுகளைக் கையிற் கொண்டு ஒப்பனை அறை வாயிலில் நிற்கும் சுவைஞரை அவர்கள் ஊர்தோறும் சந்தித்தனர். 'இதில் ஊதுவது யார்?' என்பதே அவர் கேள்வி. ஒரு நாளில் இரண்டு பதிவுக்கூடங்களில் பல பாட்டு வாசித்துக் கூலி பெற்று வீடு திரும்பியவர்க்கு முப்பது ஆண்டுக்குப் பின் ஒவ்வொன்றும் நினைவிலிருத்தல் அரிது. ஒரே தட்டைப் பற்றி இருவர் இரு விதமாகவும் உரைத்தனர். வாசித்தவர் கூற்று, வார்ப்பெண், செவி ஆகிய மூன்றும் முரணும் இடங்களில் நாம் வாசித்தவர் கூற்றினை முதலில் வைத்தல் இயல்பே. ஆனால் ஆய்ந்தோர் சிலர் வார்ப்பெண்ணுக்கே முதலிடம் தருவர். அவர் கொள்கை வன்மையாகத் தோன்றினும் பெரும்பாலும் பொருந்துவதாகவே உள்ளது.

மிட்டூ 1990இலும், மெக்கூக்கும் அல்ஃபான்சோவும் 1998இலும், மூர் 2008இலும், நிப் 2011இலும், பிரெவெட் 2012இலும் மறைந்தனர். ஆல்ஃபா பள்ளி 2014இல் விடுதியை மூடிப் பகற்பயிற்சி நிறுவனமாயிற்று. இசைப் பயிற்சி நிற்கவில்லை. 2023 மே திங்களில் லெஸ்டர் ஸ்டெர்லிங் இறந்தார். தொடக்கத்தில் கருவி ஏந்தியவருள் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. கையில் தட்டோடு சென்று கேட்க இனி ஒருவருமில்லை. வெற்றுச் சீட்டோடு கூடிய தட்டுகள் இன்னும் லண்டனிலும் டோக்கியோவிலும் ஏலத்திற்கு வருகின்றன. வாங்குவோர் அவற்றை முதலிற் சாய்த்துப் பிடித்து, சீட்டின் ஓரத்தில் ஊசிக் கீறல் உண்டா என்று நோக்குகின்றனர்.